பாறைமேல் ஒரு சிறு பறவை

சத்திமுற்றத்துப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாட்டைப் பள்ளிப் பருவத்தில் கேளாத தமிழர் அரியர். வறுமை துரத்த ஊரைவிட்டு நீங்கிய அப்புலவர், மதுரை மாநகரில் போர்த்திக்கொள்ள ஒரு துணியும் இன்றி வாடைக்காற்றில் ஒடுங்கிக் கிடந்தபோது, குமரித்துறையில் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையைக் கண்டு, தம் நிலையைத் தம் மனைவிக்கு உரைக்குமாறு வேண்டினார். பிறந்த மண்ணை விட்டு வந்து, நெடுந்தொலைவில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு அப்பாட்டின் துயரம் விளக்காமலே விளங்கும். ஆயினும் இங்கே நான் கருதுவது துயரத்தை அன்று. நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டாரே, அந்தக் கண்ணைக் கருதுகிறேன். பறவையின் உறுப்பு ஒவ்வொன்றையும் எழுதிக் காட்ட அவர் முயலவில்லை. கூர்மை, செம்மை, இரண்டாகப் பிரிந்து நிற்கும் நிலை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டார். நாரையோ நம்முன் நிற்கிறது.

வேண்டாததை விடுத்து வேண்டியதை மட்டும் நிறுத்தும் இம்முறையை இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் அருவ ஓவியம் என்று வழங்கினர். அவ்வகையில் பறவை ஒன்றையே பல்லாண்டுக்காலம் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவந்த ஓவியர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் பெயர் சுவாமிநாதன். வடநாட்டார் ஜகதீஷ் சுவாமிநாதன் என்றனர். நண்பர்கள் 'சுவாமி' என்றனர். தகப்பனுக்கே உபதேசித்த சுவாமிமலை முருகனின் பெயர் அது. சுவாமிமலைக்கும் மேலே சொன்ன சத்திமுற்றத்துக்கும் இடையே சில கல் தொலைவே உண்டு. இரண்டும் குடந்தையைச் சூழ்ந்த ஊர்கள். ஆனால் இந்தச் சுவாமிநாதன் பிறந்தது காவிரிக்கரையில் அன்று, 1928-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் நாள், இமயத்தின் அடுக்குகளில் அமைந்த சிம்லாவில், ஒரு தமிழ்க் குடும்பத்தில்.

சிம்லாவில் தமிழ்க் குடும்பம் எப்படி வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். 1864-இல் ஆங்கில அரசு அம்மலையூரைக் கோடைத் தலைநகராக ஆக்கிக்கொண்டது. ஆண்டுதோறும் வெயில் முதிரும்போது கோப்புகளும் குமாஸ்தாக்களும் அங்கே ஏறினர். குளிர் தொடங்கியதும் இறங்கினர். தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து சென்றனர். 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர்த் தில்லியிலிருந்து சென்றனர். 1903-இல் கால்கா வரையில் நின்றுவிடாமல் சிறு இருப்புப்பாதை மலைமேல் ஏறிய பிறகு பயணம் எளிதாயிற்று. ஆங்கிலமும் கணக்கும் கற்ற தென்னாட்டார் பலர் அரசாங்க வேலைகளை நாடி வடக்கே வந்த காலம் அது. தில்லித் தமிழர் வரலாற்றின் முதல் ஏடுகளில் சிம்லாவுக்கும் ஓர் ஏடு உண்டு.

வேறொரு வியப்பும் அம்மலையூருக்கு உண்டு. அமிர்தா ஷேர்-கில்லின் குடும்பம் அங்கேதான் வாழ்ந்தது. ஓவியர் ராம்குமார் 1924-இல் அங்கே பிறந்தார். அவர் தம்பியும் இந்திப் புனைகதையின் பெரும்பெயர்களுள் ஒருவருமான நிர்மல் வர்மா 1929-இல் அங்கே பிறந்தார். இருவருக்கும் இடைப்பட்ட ஆண்டில் பிறந்தவர் சுவாமிநாதன். பின்னாளில் இம்மூவரும் தில்லியில் நெருங்கிய நண்பர்களாயினர். தேவதாரு மரங்களும் பாசி படர்ந்த பாறைகளும் பனிமூட்டமும் நிறைந்த ஓரிடம் ஒரே தலைமுறையில் இத்தனை பேரைத் தந்ததை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சுவாமிநாதன் நேர்வழியில் ஓவியத்துக்கு வந்தவர் அல்லர். மருத்துவக் கல்லூரிக்கு முற்பட்ட வகுப்பில் சேர்ந்தார். அதை விட்டுவிட்டு வீட்டாரிடம் சொல்லாமல் கல்கத்தாவுக்கு ஓடினார். நம் இல்லங்களில் இது எத்தகைய இடியாக இறங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பிறகு தில்லி திரும்பிக் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சியில் உழைத்தார். அதன் இந்தி வார இதழான 'மஜ்தூர் ஆவாஜ்' என்னும் ஏட்டின் ஆசிரியராக இருந்தார். பொதுவுடைமைக் கட்சியில் முழுநேர ஊழியரானார். பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். மாலை நேரங்களில் தில்லி பாலிடெக்னிக்கில் சைலோஸ் முகர்ஜியிடமும் பவேஷ் சன்யாலிடமும் ஓவியம் பயின்றார். 1950-களின் பிற்பகுதியில் போலந்து சென்று வார்சா நுண்கலைக் கழகத்தில் சிறிது காலம் கற்றார். தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பு ஒன்றுக்குச் 'சிகான்' என்று பெயர் வைத்தார். ஊர் ஊராகத் திரியும் நாடோடி மக்களைக் குறிக்கும் போலந்துச் சொல் அது.

கட்சியை விட்டு விலகிக் கலையையே முழுத்தொழிலாகக் கொண்டபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அக்காலத்து இந்திய ஓவியத்தின் நிலையை இவ்விடத்தில் சற்றே நினைவுகூர வேண்டும். எண்ணெய் வண்ணம் என்பதே நமக்கு வந்தேறிய பொருள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்ல மெல்லக் காற்றை உண்டு இறுகுவது. நாள் கணக்கில் ஈரமாக நிற்பது. ஆகையால் வழித்தும் தேய்த்தும் மேலுக்கு மேல் அப்பியும் ஓவியன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள இடம் தருவது. நம் சுவரோவியனுக்கு அந்த வசதி இருந்ததில்லை. ஈரச் சுண்ணம் காய்வதற்குள் அவன் கோட்டை முடித்தாக வேண்டும். இரவி வர்மா எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டு தெய்வங்களையும் சீமாட்டிகளையும் கண்ணுக்கு நேரே நிற்பவர்களைப் போல் எழுதினார். வங்கத்தார் அதை வெறுத்து, மென்மையான நீர்வண்ணத்தில் பழம்பெருமையைத் தேடினர். விடுதலைக்குப் பின் வந்த தலைமுறை பாரிஸை நோக்கிற்று. பிக்காசோவையும் மத்தீஸையும் ஒருவாறு பார்த்தெழுதி அதற்கு இந்தியப் பெயரிட்டவர்களும் இருந்தனர்.

இம்மூன்றையும் ஒருங்கே மறுத்து எழுந்ததுதான் 'குரூப் 1890' என்னும் கூட்டம். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குஜராத்தில் பாவநகரில் ஒரு நண்பர் இல்லத்தில் கூடி அமைத்தனர். அந்த வீட்டின் கதவிலக்கம் 1890. ஆகவே அதுவே பெயராயிற்று. ஏதோ புரட்சி நடந்த ஆண்டு என்று எண்ணி ஏமாந்தவர் பலர். உறுப்பினர் பன்னிருவர். ஜெராம் பட்டேல், அம்பாதாஸ், இம்மத் ஷா, குலாம் முகம்மது ஷேக், ஜோதி பட் முதலியோருடன் சென்னையின் ரெட்டப்ப நாயுடுவும் அதில் இருந்தார் என்பதை நம்மவர் மறந்துவிடுதல் கூடாது. கூட்டத்தின் கொள்கையறிக்கையை எழுதுவதிலும் வாதாடுவதிலும் முன்னின்றவர் சுவாமிநாதன். முழுநேரக் கட்சி ஊழியராக இருந்தபோது கைவந்த அறிக்கைத் தமிழ், மன்னிக்க, அறிக்கை ஆங்கிலம், இங்கே பயன்பட்டது. இரவி வர்மாவின் நேர்காட்சியும் வேண்டா, வங்கத்தின் கிராமியக் கனவும் வேண்டா, ஐரோப்பிய இயக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குமதி செய்யும் பழக்கமும் வேண்டா என்பதே அதன் சாரம்.

1963-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புது தில்லி ரவீந்திர பவனில் அவர்களுடைய ஓவியக் காட்சியைப் பண்டித நேரு திறந்துவைத்தார். காட்சிக் குறிப்பேட்டுக்கு முன்னுரை வழங்கியவர் அப்போது இந்தியாவில் மெக்சிகோ நாட்டின் தூதராக இருந்த ஒக்தாவியோ பாஸ். பின்னர் 1990-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே பாஸ்தான். சுவாமிநாதனிடம் அவருக்கு இருந்த நட்பு அத்தோடு நிற்கவில்லை. ஓவியர் சுவாமிநாதனுக்கு என்றே ஒரு கவிதையும் எழுதினார். 1968-இல் தம் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்துத் தூதர் பதவியைத் துறந்து அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். 'குரூப் 1890' கூட்டமோ அந்த ஒரே காட்சியோடு கலைந்துவிட்டது. பன்னிரண்டு கலைஞர்கள் ஒரு கூரையின்கீழ் ஒருமித்திருப்பது எங்கும் நெடுநாள் நடப்பதில்லை.

இனி அந்தப் பறவைக்கு வருவோம்.

1960-களின் நடுவில் சுவாமிநாதனின் கித்தான்களில் பாம்பு, தாமரை, சுவத்திகம், கைத்தடம் போன்ற தொன்மைக் குறிகள் முரட்டு வண்ணப் பரப்பின்மேல் தோன்றின. கிராமத்து மண்சுவரில் பண்டிகை நாளில் இடும் குறிகளைப் போன்றவை அவை. அடுத்துப் பரப்பு அமைதியுற்றது. வண்ணத்தைச் சதுரங்களாகவும் பட்டைகளாகவும் முக்கோணங்களாகவும் வகுத்து, வண்ணமே வெளியாகவும் வெளியே வண்ணமாகவும் நிற்கும் ஒரு வரிசையை எழுதினார். அந்த வெளிக்குள் 1960-களின் இறுதியில் மலையும் மரமும் பறவையும் வந்து சேர்ந்தன. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவை அவரை விட்டு அகலவில்லை.

அவ்வரிசையின் பொதுவான அமைப்பைச் சொல்கிறேன். கித்தான் முழுவதும் ஒரே மஞ்சள், அல்லது செம்மஞ்சள், அல்லது சிவப்பு. அடிவானம் என்ற கோடு இல்லை. தரை இல்லை. அந்த மஞ்சளின் நடுவே ஒரு பாறை அல்லது மலைத்துண்டு எதன்மேலும் அமராமல் நிற்கிறது. அதிலிருந்து மெல்லிய செடியோ சிறு மரமோ நீள்கிறது. அருகில், அல்லது உச்சியில், ஒரு சிறு பறவை. சில படங்களில் மலையின் நிழல் கீழே நீரில் விழுந்தாற்போல் தலைகீழாகத் தெரியும். நீர் மட்டும் இராது. பறவை அமர்ந்திருக்கிறதா, பறக்கிறதா, பறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறதா என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மலை பெரிதா பறவை பெரிதா என்று அளக்கவும் இயலாது; ஏனெனில் அண்மை சேய்மை காட்டும் அளவுகோலை ஓவியர் எடுத்துவிட்டார்.

தொலைவில் நின்று பார்த்தால் அந்த மஞ்சள் வழவழப்பான ஒரே பூச்சாகத் தோன்றும். அணுகிச் சென்று பார்க்க வேண்டும். கையின் அசைவு வண்ணத்தில் தங்கியிருப்பது அப்போதுதான் புலப்படும். பாறையின் பகுதியிலோ பரப்பு மாறிவிடுகிறது. வண்ணத்தை ஒற்றியும் வழித்தும் சிதறவிட்டும், மழையும் பாசியும் பல காலம் வேலை செய்த கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருக்கிறார். அமைதியான வெளி, கரடான கல், அவற்றிடையே கனமற்ற ஓர் உயிர்: இம்மூன்றின் வேறுபாட்டைக் கண்ணைக் காட்டிலும் விரல் நுனி முந்தி உணர்கிறது. காவலர் இருக்கும் கூடத்தில் தொட்டுப் பார்க்க முடியாது என்பது வேறு.

ஓவியத்தில் பரப்பின் தடிப்பு என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் வீட்டுப் பூஜையறையில் தொங்கும் தஞ்சாவூர்ப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பிசினும் குழைத்த மாவால் நகைகளையும் மண்டபத்தையும் மேடாக எழுப்பி, அதன்மேல் பொற்றகடு பதிப்பர். குத்துவிளக்கின் சுடர் அசையும்போது கண்ணன் கழுத்து மாலையும் அசையும். சுவாமிநாதனுக்கு உவப்பான வடபுலத்துப் பஹாடி ஓவியத்திலும் இத்தகைய நுட்பம் உண்டு. இரவி ஆற்றங்கரையில் உள்ள பசோலியின் சிற்றோவியங்களில் முத்தைக் காட்ட வெள்ளை வண்ணத்தைத் துளியாக மேடுபடுத்தி வைப்பர். மரகதத்தைக் காட்டப் பொன்வண்டின் பச்சைச் சிறகோட்டைச் சிறு துணுக்குகளாக நறுக்கி ஒட்டுவர். பசோலியின் மஞ்சளும் சிவப்பும் வானத்தின் நிறமோ சுவரின் நிறமோ அல்ல. அவை நிகழ்ச்சி நடக்கும் வெளி, அவ்வளவே. சுவாமிநாதன் தம் மஞ்சளை எங்கிருந்து பெற்றார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் அதே நூற்றாண்டில் ஒரு பெரிய ஓவியர் முதுமையில் பறவையைப் பற்றிக்கொண்டார். ஜார்ஜ் பிராக், 1882-இல் பிறந்து 1963-இல் மறைந்தவர். பாரிஸில் லூவர் மாளிகையின் ஒரு கூடத்து மேற்கூரைக்காக 1953-இல் அவர் எழுதிய பெரும் பறவைகள் புகழ் பெற்றவை. எண்ணெய் வண்ணத்தில் மணலைக் கலந்து பரப்பைக் கரடாக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. ஆனால் பிராக்கின் பறவை இறக்கையை விரித்துப் பாய்வது. வெளியைக் கிழித்துச் செல்வது. சுவாமிநாதனின் பறவை எங்கும் செல்வதில்லை. அது இருக்கிறது. இருவரையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போர்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றாது.

அந்தப் படத்தின்முன் நிற்கும் நம்மவர் முதலில் கேட்பது, 'இது என்ன பறவை?' என்பதுதான். அடுத்த கேள்வி, 'இதற்கு என்ன பொருள்?' என்பது. ஒரு மரத்தில் இரு பறவைகள் இருந்து, ஒன்று கனியைத் தின்ன, மற்றொன்று பார்த்திருக்கும் உபநிடதக் காட்சியை நினைவூட்டி, பறவை ஆன்மா என்றும் மலை பரம்பொருள் என்றும் பொருள் சொல்லிவிடுவோரும் உளர். சுவாமிநாதன் இத்தகைய விடைகளுக்கு இணங்கவில்லை. படம் வேறொன்றைக் குறிக்கும் குறியீடு அன்று, அதுவே ஓர் உண்மை என்பது அவர் நெடுகவும் பேசியும் எழுதியும் வந்த நிலை. 1968-இல் ஜவாஹர்லால் நேரு நிதியின் ஆய்வுக்கொடை அவருக்குக் கிடைத்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மரபில் வழிவழி வரும் 'நியூமென்' இக்காலக் கலைக்கு எவ்வகையில் உயிர் தரும் என்பது. இலத்தீன் மொழியின் அச்சொல், ஓர் இடத்திலோ பொருளிலோ உறைவதாக உணரப்படும் தெய்வ ஆற்றலைச் சுட்டும்.

இச்சொல்லைக் கண்டபோது எனக்கு வியப்பைவிட உரிமையே மிகுதியாகத் தோன்றியது. நம் சங்கச் சான்றோர் 'அணங்கு' என்றது இதைத்தானே! மலையில் அணங்கு உண்டு, சுனையில் உண்டு, முதுமரத்தில் உண்டு, இளமங்கையிடத்தும் உண்டு. அது நன்மை செய்வதா தீமை செய்வதா என்பது அடுத்த பேச்சு. அங்கே அது உறைகிறது, அணுகுவோர் நெஞ்சு நடுங்குகிறது, அவ்வளவே. வெறியாடும் வேலனும் நடுகல்லுக்குப் பீலி சூட்டும் மறவனும் கல்லை வேறொன்றின் குறியாகக் கொண்டு வணங்கவில்லை. கல்லில் அது இருக்கிறது என்றே வணங்கினர். சுவாமிநாதன் இதை நம் நூல்களில் படித்து அறிந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தம் கவிதைகளை இந்தியில் எழுதியவர். அவற்றில் சிம்லா மலைப்பேச்சின் மணம் வீசும். இமயத்துப் பாறையிலிருந்தும் மத்தியப் பிரதேசக் காட்டிலிருந்தும் அவருக்குக் கிடைத்த ஓர் உணர்வுக்கு, அவர் முன்னோர் மொழியில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சொல் இருந்தது என்பதே என் வியப்பு.

நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. வடக்கே பிறந்து வடமொழிகளில் வளர்ந்து தமிழில் ஒரு வரியும் எழுதாதவரை நம்மவர் என்று கொண்டாடுவது முறையா? பரிசு பெற்ற பிறகு உறவு கொண்டாடும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சுவாமிநாதனைத் தமிழ் ஓவியர் என்று முத்திரை குத்தினால் அவரே நகைத்திருப்பார். சிம்லாவும் தில்லியும் வார்சாவும் போபாலும் சேர்ந்து ஆக்கிய மனிதர் அவர். எனினும், பிள்ளை மருத்துவப் படிப்பை விட்டு ஓடினான் என்று கலங்கிய ஒரு தமிழ் வீட்டுக்குள்ளிருந்துதான் அவர் புறப்பட்டார். அத்தகைய வீடுகளில் நாம் இன்றும் வாழ்கிறோம். அதனால் அவர் கதை நமக்கு அயலார் கதை ஆகாது.

அதே ஆண்டுகளில் சென்னையிலும் இதே தேட்டம் நடந்துகொண்டிருந்தது. கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில், சாதகக் கட்டங்களையும் எழுத்துருக்களையும் கித்தானில் கொண்டுவந்தார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் கடற்கரையில் எழுந்தது. ஒருவரையொருவர் பின்பற்றாமலே வடக்கிலும் தெற்கிலும் ஒரே கதவைத் தட்டினர்.

சுவாமிநாதனின் பறவைப் படங்கள் எல்லாம் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. இருபது ஆண்டுகள் ஒரே பாறையையும் ஒரே பறவையையும் எழுதினால் சில படங்களில் கை மட்டுமே வேலை செய்திருக்கும். நெஞ்சு வேறிடம் போயிருக்கும். வரவேற்பறைக்கு ஏற்ற அழகுப் படங்கள் என்று அக்காலத்திலேயே குறை கூறியவர் இருந்தனர். அக்குறை முற்றும் பொய் அன்று. மஞ்சள் சற்றே இனித்துப்போன படங்களும் உண்டு. ஆயினும் நம் சங்கீத வித்துவான்கள் ஒரே தோடியை வாழ்நாள் முழுவதும் பாடுவதை நாம் குறை சொல்வதில்லையே! இன்று பாடும் தோடி நேற்றைய தோடியாக இல்லாமல் இருக்கிறதா என்றே கேட்கிறோம். அந்த அளவையால் நிறுத்துப் பார்த்தால் அவருடைய நல்ல படங்கள் நிற்கின்றன.

அவர் சித்திரக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. இளமையில் பேதூல் காட்டுப் பகுதியில் கோர்க்கு மக்களிடையே வாழ்ந்த நாட்கள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தன. போபாலின் பெரிய ஏரிக்கரையில் சார்லஸ் கொரியா வடிவமைத்த பாரத் பவன், 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. அதன் ரூபாங்கர் கலைக்கூடத்தை உருவாக்கி, 1990 வரையில் இயக்குநராக இருந்தவர் சுவாமிநாதன். அங்கே அவர் செய்த செயல் எளிதானது போல் தோன்றும். அதுவரை எவரும் செய்யாதது. நகரத்து ஓவியர்களின் கித்தான்களையும் மலைவாழ் மக்களின் மண்ணுருவங்களையும் மரச்சிற்பங்களையும் சுவரோவியங்களையும் ஒரே கூரையின்கீழ் சரிநிகராக வைத்தார். ஒன்றைக் கலை என்றும் மற்றதை மானிடவியல் மாதிரி என்றும் பிரித்து, முன்னதைக் கூடத்திலும் பின்னதைக் கண்ணாடிப் பெட்டியிலும் வைப்பது அதுவரை வழக்கம். பழங்குடியினர் கடந்த காலத்தின் எச்சம் அல்லர், நம்மோடு இதே ஆண்டில் வாழும் சமகாலக் கலைஞர் என்று அவர் வாதிட்டார். 1987-இல் வெளிவந்த அவர் நூல் இவ்வாதத்தை விரித்துரைக்கிறது. அதன் பெயரைத் தமிழில் 'உணரும் விரல்கள்' எனலாம்.

கூடத்துக்கு வேண்டியவற்றைத் திரட்ட இளம் கலை மாணவர்களை மத்தியப் பிரதேசத்தின் சிற்றூர்தோறும் அனுப்பினார். சத்தீஸ்கர் அப்போது பிரியவில்லை. அவ்வாறு மண்டலா மாவட்டத்துப் பாட்டன்கட் என்னும் ஊருக்குச் சென்றவர்கள், குடிசைச் சுவர் ஒன்றில் ஓர் இளைஞன் எழுதிய உருவத்தைக் கண்டனர். பர்தான் கோண்டு குலத்தைச் சேர்ந்த ஜங்கர் சிங் ஷியாம் அவர். பர்தான்கள் தம் குலத்தெய்வக் கதைகளை நரம்பிசைக் கருவியோடு பாடிவந்தவர்கள். பாட்டில் வந்த தெய்வங்களையும் மான்களையும் பறவைகளையும் புள்ளியாலும் கோட்டாலும் காகிதத்திலும் கித்தானிலும் எழுதினார் ஜங்கர். போபாலுக்கு வந்து புகழ் பெற்றார். அவரைப் பின்பற்றி உறவினரும் ஊராரும் எழுதத் தொடங்க, 'ஜங்கர் கலம்' என்றே ஓர் ஓவிய வழி தோன்றிவிட்டது. இன்று நம் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களிலும் கோண்டு ஓவியப் பறவைகளைக் காண்கிறோம். அவற்றுக்கெல்லாம் மூலம் அந்த ஒரு சுவர்.

இக்கதையின் முடிவு இன்பமானது அன்று. 2001-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் எழுதிக்கொண்டிருந்தபோது ஜங்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதளவே ஆகியிருந்தது. ஊரைவிட்டுத் தொலைவில் தனித்திருந்த கலைஞனின் துயரத்தை எந்த நாரை வந்து சொல்லும்? காட்டிலிருந்து கலைஞனை நகரத்துக்கும் நகரத்திலிருந்து உலகச் சந்தைக்கும் கொண்டுவந்தது நன்றா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் எழுகிறது. சுவாமிநாதன் அதற்குள் மறைந்துவிட்டார். கேள்வியிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட முடியாது. நீக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. சுவரில் இருந்ததைச் சுவரோடு அழியவிட்டிருந்தால் நமக்கு ஜங்கர் இல்லை. கொண்டுவந்ததால் வந்த விலையும் சிறிது அன்று.

போபாலில் கழித்த ஆண்டுகள் சுவாமிநாதனின் கையையும் மாற்றின. 1980-களின் இறுதியில், புகழும் பொருளும் ஈட்டித் தந்த அந்தப் பறவையை அவர் விட்டுவிட்டார். அறுபது வயதில் ஓர் ஓவியர் தமக்கு வாழ்வளித்ததைக் கைவிடுவதற்கு எத்தனை உறுதி வேண்டும் என்பதைத் தொழில் செய்து பிழைப்போர் அறிவர். மஞ்சள் வெளி மறைந்தது. காவியும் செம்மண்ணும் கரியும் கித்தானுக்கு வந்தன. தூரிகைக்குப் பதில் விரலும் உள்ளங்கையும் வேலை செய்தன. முக்கோணமும் வளைகோடும் கைத்தடமும் மீண்டும் தோன்றின. பரப்பு, பல தலைமுறைகள் மெழுகி மெழுகித் தடித்த மண்சுவரைப் போல் ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே அவர் சுற்றி வந்து சேர்ந்திருந்தார். வழியில் கண்ட மலையும் மரமும் வெறும் கோணங்களாகச் சுருங்கி அந்த மண்ணுக்குள் அடங்கிவிட்டன.

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ஆம் நாள் தில்லியில் அவர் காலமானார். புது தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தின் தொகுப்பில் அவருடைய படங்கள் உள்ளன. விடுமுறை நாளில் இந்தியா கேட் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், சாலையைக் கடந்து அங்கேயும் ஒரு நடை செல்லலாம். அவர் படம் சுவரில் இருக்கும் நாளாக அமைந்தால், பிள்ளைகளை முதலில் தொலைவிலும் பிறகு அருகிலும் நிற்கவிடுங்கள். என்ன பறவை என்று அவர்கள் கேட்டால், பெயர் சொல்ல அவசரப்படாமல், அது எதன்மேல் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.